ஃப்ருவாசார் எழுதிய கிரெசிப் போர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே, எதை எடுத்துக்கொள்வது?

நெடுவழி கேட்கிறார்:

வணக்கம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரின் முதல் பாதியைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்காம் நூற்றாண்டில் ழான் ஃப்ருவாசார் எழுதிய குரோனிக்கிளைத்தான், அதாவது காலவரிசை வரலாற்று நூலைத்தான், முக்கிய ஆதாரமாக வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது.

1346 கிரெசிப் போரில் இங்கிலாந்துப் படை பீரங்கி வெடித்தது என்று ஒரு நூல் ஃப்ருவாசாரை மேற்கோள் காட்டுகிறது. கையில் இருக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த வரியே இல்லை. பிரெஞ்சுப் பக்கத்தில் 30,000 சாதாரண வீரர்கள் செத்தார்கள் என்கிறார் ஃப்ருவாசார். அவருக்கு முன்னால் எழுதிய ழான் லெ பெல் 15,000, 16,000 என்று நிறுத்துகிறார். ஸ்பெயினில் நடந்த நாஹேராப் போருக்கு ஓரிடத்தில் 1366 என்றும் வேறோரிடத்தில் 1367 என்றும் ஆண்டு வருகிறது.

எந்தப் பாடத்தை (நூல் வடிவத்தை) நம்பலாம்? போர்க்களத்தில் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? எண்ணையும் தேதியையும் எப்படிச் சரிபார்ப்பது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுவடிப்பெட்டி:

“ஃப்ருவாசார் சொல்கிறார்” என்று எழுதுவதை முதலில் விட்டுவிடுங்கள். எந்த ஃப்ருவாசார் என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குரோனிக்கிள் மொத்தம் நான்கு பாகம். 1320களின் நடுவில் தொடங்கி 1400 வரை வருகிறது. முதல் பாகத்தை அவர் ஒருமுறை எழுதி முடித்து வைக்கவில்லை, ஆயுள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார். நமக்கு முக்கியமாக மூன்று வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, ஏராளமான கையெழுத்துப் பிரதிகளில் பரவிய பொது வடிவம். இரண்டு, அமியேன் நகர நூலகத்தில் இருக்கும் 486ஆம் எண் பிரதி. மூன்று, வத்திக்கானில் ஒரே ஒரு பிரதியாகப் பிழைத்திருக்கும் ரோம் வடிவம். ரோம் வடிவம்தான் கடைசி, அவருடைய முதுமையில் எழுதியது. அது 1350 வரைதான் போகிறது. பொது வடிவமும் அமியேனும் எது முந்தியது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர் சிமேயோன் லூஸ் போட்ட வரிசையை அப்படியே ஒப்பித்துவிடாதீர்கள்.

உங்கள் பீரங்கி அமியேன் பாடத்தில் இருக்கிறது. ஜெனோவாக் குறுக்குவில்லாளர்களை மிரட்ட ஆங்கிலேயர் சில பீரங்கிகளை வெடித்தார்கள் என்று அங்கே வருகிறது. பொது வடிவத்தில் அது கிடையாது. 1523–25இல் லார்ட் பெர்னர்ஸ் செய்த மொழிபெயர்ப்பும், 1803–05இல் தாமஸ் ஜோன்ஸ் செய்ததும் அமியேன் பிரதி ஆய்வுலகத்தின் கண்ணில் படுவதற்கு முன்னால் வந்தவை. பொது வடிவத்தை நம்பித்தான் அவை நிற்கின்றன. அமியேனில் மட்டும்தானே இருக்கிறது என்று பீரங்கியைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஃபிளாரன்ஸ் நகரத்து ஜொவான்னி வில்லானி 1348இல் கொள்ளைநோயில் இறந்தவர். அவரும் கிரெசியில் பீரங்கி வெடித்ததை எழுதியிருக்கிறார். போர் முடிந்து இரண்டு வருடத்துக்குள் எழுதப்பட்ட, ஃப்ருவாசாரோடு தொடர்பே இல்லாத சாட்சி அது.

அடுத்து, யார் வாய்மொழி என்பது. ஃப்ருவாசார் ஏறக்குறைய 1337இல் எனோ நாட்டு வலான்சியென் ஊரில் பிறந்தவர். கிரெசி நடந்தபோது அவர் சிறுவன். 1360களின் தொடக்கம் வரையிலான பகுதியில் பெரும்பங்கு லியேஜ் நகரக் கனன் (தேவாலயக் குரு) ழான் லெ பெல் எழுதியதிலிருந்து எடுத்தது. இதை ஃப்ருவாசார் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே சொல்கிறார். லெ பெலுக்குக் கிரெசியைச் சொன்னவர் எனோ பிரபு ழான். அன்றைக்கு பிரெஞ்சு மன்னர் ஆறாம் ஃபிலிப்பின் பக்கத்தில் இருந்தவர் அவர். ஆங்கிலேயர் பக்கம் நின்ற நைட்டுகளிடமும் லெ பெல் கேட்டிருக்கிறார். ஆகவே கிரெசிக்கு உங்கள் முதல் ஆதாரம் லெ பெல். ஃப்ருவாசாரில் அதற்கு மேல் கூடியிருப்பது எது என்று பார்த்து, அதைத் தனியாக எடைபோட வேண்டும். லெ பெலின் பாடம் நீண்ட காலம் காணாமல் போயிருந்து 1861இல்தான் மீண்டும் கிடைத்தது. அதற்கு முந்தைய நூல்களில் லெ பெலின் வரிகள் ஃப்ருவாசார் பெயரிலேயே நடமாடுவதற்குக் காரணம் இதுதான்.

லெ பெல் நேரில் பார்த்ததற்கு ஒரு மாதிரி வேண்டுமானால் 1327 ஸ்காட்லாந்து எல்லைப் படையெடுப்பைப் படியுங்கள். அதில் அவரே குதிரையேறிப் போனார். ஸ்காட்லாந்து வீரன் சேணத்துக்கு அடியில் ஒரு தட்டையான இரும்புத் தகடும், பின்னால் ஓட்ஸ் மாவுப் பையும் கட்டிக்கொண்டு போகிறான். நெருப்பில் தகட்டைக் காய்ச்சி மாவைக் கரைத்து ஊற்றித் தின்கிறான். அதனால் அவர்களுக்கு உணவு வண்டிகள் வேண்டியதில்லை, வேகமாக நகர்கிறார்கள். இந்தப் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே ஃப்ருவாசாரிலும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஃப்ருவாசார் நேரில் கண்டார் என்று எழுதிவிடும் கட்டுரைகள் நிறைய.

வேலை செய்யும் முறை இது. கெர்வின் த லெட்டன்ஹோவ் பதிப்பு ஒரே நிகழ்ச்சிக்கான வெவ்வேறு வடிவங்களை அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறது. லூஸ் பதிப்பில் மேலே பொது வடிவம் ஓடும், அமியேன், ரோம் பாடங்கள் அந்தந்தத் தொகுதியின் கடைசியில் பாடபேதங்களாக இருக்கும். பின்பக்கத்தைத் திறக்காமல் லூஸைப் பயன்படுத்தினால் பாதிதான் படித்தீர்கள். ஷெஃபீல்டு, லிவர்பூல் பல்கலைக்கழகங்களின் ‘ஆன்லைன் ஃப்ருவாசார்’ தளத்தில் பல பிரதிகளின் எழுத்துப்படிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வடிவத்தின் பெயரையும் எழுதிவையுங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது.

நாணேற்றி:

எண்களுக்கு வருகிறேன். கிரெசிக் களத்தில் செத்தவர்களை எப்படி எண்ணினார்கள் என்று ஃப்ருவாசாரே எழுதியிருக்கிறார். மறுநாள் ரெஜினால்டு காபம், ரிச்சர்ட் ஸ்டாஃபோர்டு என்ற இரண்டு பிரபுக்களை மூன்றாம் எட்வர்ட் அனுப்புகிறார். கூடவே கவச மேலங்கியில் இருக்கும் குலச்சின்னத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல மூன்று ஹெரால்டுகள், பெயரை எழுதிக்கொள்ள இரண்டு எழுத்தர்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சின்னம் இருப்பவன் மட்டும் எண்ணப்பட்டான். குறுக்குவில்லாளனுக்கும் காலாள் கிராமத்தானுக்கும் சின்னம் கிடையாது, எண்ணவும் இல்லை. ஆகவே ஃப்ருவாசார் தரும் 11 இளவரசர்கள், 80 கொடிப் பிரபுக்கள் (சொந்தக் கொடியின் கீழ் படை நடத்துபவர்கள்), 1,200 நைட்டுகள் என்பது ஒரு கணக்கின் சாயல் உள்ள எண். அதே வாக்கியத்தின் கடைசியில் வரும் 30,000 வெறும் “ஏராளம்”. லெ பெல் கொடுத்ததை ஃப்ருவாசார் இரட்டிப்பாக்கியதற்கு ஆவணம் எதுவும் பின்னால் இல்லை. இந்த இரண்டு வகை எண்ணையும் ஒரே அட்டவணையில் போடவே கூடாது. படையோடு போன மைக்கேல் நார்த்பர்க் என்ற அரசு அலுவலர் அப்போதே எழுதிய கடிதம் இருக்கிறது. செத்த கவச வீரர்கள் 1,542 பேர், சாதாரண ஆட்கள் இந்தக் கணக்கில் இல்லை என்று அவர் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். கட்டுரையில் ஒரே ஓர் எண்தான் போட முடியும் என்றால் அதைப் போடுங்கள்.

உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கைக்குக் குரோனிக்கிள் பக்கமே போகாதீர்கள். அதற்குச் சம்பளக் கணக்கு. அன்றைய இங்கிலாந்து நாள் சம்பளம்: கொடிப் பிரபுவுக்கு 4 ஷில்லிங், நைட்டுக்கு 2 ஷில்லிங், எஸ்குவயருக்கு (நைட்டுக்கு அடுத்த படியில் இருப்பவன்) 12 பென்ஸ், குதிரை வில்லாளனுக்கு 6 பென்ஸ், நடை வில்லாளனுக்கு 3 பென்ஸ், வேல்ஸ் ஈட்டிக்காரனுக்கு 2 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 240 பென்ஸ் ஒரு பவுண்டு. ஒரு தலைவனின் குதிரை வில்லாளர்களுக்கு 30 நாளுக்கு 75 பவுண்டு கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது என்று வையுங்கள். 75ஐ 240ஆல் பெருக்கினால் 18,000 பென்ஸ். 30ஆல் வகுத்தால் நாளுக்கு 600. 6ஆல் வகுத்தால் 100 பேர்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கணக்கு சராசரியைத்தான் காட்டும். நடுவில் செத்தவன், ஓடிப்போனவன், புதிதாக வந்தவன் எல்லாரும் அதற்குள் கலந்துவிடுவார்கள். குதிரைக்காரப் பையன்கள், வண்டிக்காரர்கள், சமையல் ஆட்கள் பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் வரமாட்டார்கள், ஆனால் தின்பார்கள், வழியை அடைப்பார்கள். கிரெசிக்கும் அதைத் தொடர்ந்த கலே முற்றுகைக்கும் வால்டர் வெட்வாங் வைத்த கணக்கு இருக்கிறது. ஆனால் மூலம் தொலைந்து பிற்காலப் படிகள்தான் மிச்சம். அந்தப் பெரிய மொத்தம் கலே முற்றுகையின் உச்சத்தைக் காட்டுவது. அதைத் தூக்கிக் கிரெசிக் களத்தில் வைத்துவிடுவார்கள், நீங்கள் செய்யாதீர்கள்.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு இந்த வசதி குறைவு. பாரிஸ் கணக்கு மன்றம் 1737இல் எரிந்துபோனது. பழைய போர்க்கணக்குகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. கிரெசியில் பிரெஞ்சுப் படை எவ்வளவு என்று யார் துல்லியமாகச் சொன்னாலும் சந்தேகத்தோடு பாருங்கள். ஜெனோவா வில்லாளர்கள் 15,000 என்ற ஃப்ருவாசாரின் எண்ணை இன்றைக்கு எந்த ஆய்வாளரும் ஏற்பதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருந்திருக்குமா என்பதே கேள்வி.

நெடுவழி:

சுவடிப்பெட்டி, நாணேற்றி, இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது வேறு ஒரு கேள்வி எழுகிறது. எண் சரியில்லை, முற்பகுதி இன்னொருவருடையது என்றால், ஃப்ருவாசாரை எதற்காகத்தான் படிப்பது? மூன்றாம் பாகத்தில் ஓர்த்தெஸ் அரண்மனையில் ஆட்களைக் கேட்டு எழுதுகிறாரே, அதுவும் இந்தக் கதைதானா? தேதிச் சிக்கலையும் யாராவது தெளிவுபடுத்துங்கள்.

மலையடிவாரம்:

மூன்றாம் பாகம் வேறு தரம். அங்கேதான் ஃப்ருவாசார் தன் முழு உயரத்தில் நிற்கிறார்.

1388இல் அவருடைய புரவலர் புளுவா கோமான் கியின் சிபாரிசோடு பிரனே மலையடிக்குப் போகிறார். ஃபுவா கோமான் கஸ்தோன் ஃபெபுஸுக்குக் காணிக்கையாக நான்கு வேட்டை நாய்கள் கூடவே போகின்றன. திரிஸ்தான், ஹெக்டர், புரூன், ரோலான் என்று அவற்றின் பெயரைக்கூட ஒரு கவிதையில் பதிந்து வைத்திருக்கிறார். பமியேயிலிருந்து ஓர்த்தெஸ் வரை எஸ்பான் த லியோன் என்ற நைட் வழித்துணை. ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் இது யாருடையது, எப்போது விழுந்தது, யார் பிடித்தார்கள் என்று ஃப்ருவாசார் கேட்டுக்கொண்டே வருகிறார். சத்திரத்தில் இறங்கியதும், மாலையோ காலையோ, கேட்டதை உடனே எழுதிவைத்ததாகவும் சொல்கிறார். இதைக் கவனியுங்கள். கேட்ட அன்றே குறிப்பு, சொன்னவரின் பெயர், இடம், சூழல். அந்தக் காலத்தில் இவ்வளவையும் சேர்த்துத் தரும் எழுத்து அபூர்வம்.

நவம்பர் 25 அன்று, புனித கத்தரீன் திருநாளில், ஓர்த்தெஸ் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தங்குகிறார். அந்த அரண்மனை ஏன் முக்கியம் என்றால், ஃபெபுஸ் இரண்டு மன்னர்களில் யாருக்கும் முழுசாகக் கட்டுப்படாதவர். ஆங்கிலேயர் பக்கம் சண்டை போட்டவனும் பிரெஞ்சுப் பக்கம் போட்டவனும் ஸ்பெயினிலிருந்து வந்தவனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறெங்கும் கிடைக்காத வசதி அது. அங்கே ‘நிலா’ என்ற சத்திரத்தில்தான் பாஸ்கோ த மொலேயோன் என்ற கூலிப்படைத் தலைவனைச் சந்திக்கிறார். 1356 புவாத்தியேயில் தொடங்கி பிரினியே, கொஷெரெல், ஓரே என்று அவன் தன் சண்டைகளை அடுக்குகிறான். தூரி என்ற கோட்டையை எடுக்க அவனும் ஆட்களும் பெண் வேடமிட்டு, தண்ணீர் எடுக்கும் குடங்களோடு வாசல் வரை போனதாகச் சொல்கிறான். அவன் சொல்லும் போர்களின் வரிசை பிற ஆவணங்களோடு பொருந்துகிறதா என்று நீங்களே சோதிக்கலாம்: பிரினியே 1362 ஏப்ரல், கொஷெரெல் 1364 மே, ஓரே 1364 செப்டம்பர். தன் வீரத்தைப் பற்றி அவன் சொன்னதை அந்த அளவுக்கு நம்ப வேண்டியதில்லை. கூலிப்படை எப்படிப் பிழைத்தது, கோட்டையைப் பிடித்து அதை மையமாக வைத்துச் சுற்றுவட்டாரத்தில் எப்படி வசூலித்தது என்பதற்கு இதைவிடச் சொந்தக் குரல் நமக்குக் கிடைக்காது.

இன்னும் நல்ல எடுத்துக்காட்டு அல்ஜுபரோட்டா. 1385 ஆகஸ்ட் 14 அன்று போர்ச்சுகல் காஸ்டீலைத் தோற்கடித்த போர். காஸ்டீல் பக்கம் போய்ச் செத்தவர்களில் ஃபெபுஸின் பெயார்ன் நாட்டு ஆட்கள் பலர். ஆக, ஓர்த்தெஸில் கிடைத்தது தோற்றவர்களின் கதை. முன்னணியில் போன தங்களைக் காஸ்டீல்காரர்கள் தனியே சண்டைபோட விட்டுவிட்டார்கள் என்ற குமுறல் அதில் தெரியும். ஃப்ருவாசார் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஊர் திரும்பியபின் போர்ச்சுகல் தரப்பைத் தேடி மிடல்பர்க் துறைமுகம் வரை போகிறார். புருஸ்ஸியாவுக்குப் போகக் காற்றுக்குக் காத்திருந்த ஜுவாவ் ஃபெர்னான்டிஸ் பஷேக்கு என்ற போர்ச்சுகல் நைட்டைப் பிடித்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார். மூன்றாம் பாகத்தில் இரண்டு விவரிப்பும் இருக்கின்றன, ஒன்றை இன்னொன்றில் கரைக்காமல். 1388 ஒட்டர்பர்ன் போரிலும் இதே முறைதான்: ஆங்கிலப் பக்கம் நின்ற இருவரை ஓர்த்தெஸிலும், ஸ்காட்லாந்துப் பக்கத்தவரை அவிஞோனிலும் கேட்டதாகச் சொல்கிறார்.

எனவே மூன்றாம் பாகத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓரத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: யார் சொன்னார், எந்த ஊரில், நடந்து எத்தனை வருடம் கழித்து. மூன்றுக்கும் விடை இருக்கும் பத்திகளை அழுத்திப் பயன்படுத்தலாம். மூன்றுமே இல்லாத இடத்தில் மன்னர்கள் நீளநீளமாகப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு ஃப்ருவாசாரின் சொந்தக் கைவண்ணம், அதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

சுவடிப்பெட்டி:

மலையடிவாரம் சொன்னதற்கு ஒரு துணைச் சான்று. முதல் பாகத்திலும் அவர் விசாரித்ததற்குத் தடயம் இருக்கிறது. மூன்றாம் எட்வர்ட் சால்ஸ்பரி கோமாட்டியைப் பலவந்தம் செய்தார் என்று லெ பெல் எழுதியிருக்கிறார். அமியேன் வடிவத்தில் ஃப்ருவாசார் அதை எடுத்துக்கொண்டு, தான் இங்கிலாந்தில் நெடுங்காலம் பெரிய வீடுகளில் இருந்தவன், விசாரித்தும் யாரும் இப்படிச் சொல்லவில்லை என்று மறுக்கிறார். எட்வர்டின் அரசி ஃபிலிப்பாவின் அன்பில் 1369 வரை வாழ்ந்தவர் அவர் என்பதையும் நினைவில் வைத்துத்தான் அந்த மறுப்பை எடைபோட வேண்டும். ஆனாலும் முன்னோடி எழுதியதை நேரடியாகச் சோதித்து, சோதித்ததைச் சொல்லவும் செய்தார். அந்த நேர்மைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

நாணேற்றி:

தேதி. உங்கள் நாஹேரா 1366ஆ 1367ஆ என்பதில் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

பிரான்சில் அப்போது ஆண்டு ஈஸ்டரில் பிறந்தது. ஜனவரி 1 முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை பழைய ஆண்டு எண்ணே ஓடும். நாஹேரா நம் கணக்கில் 1367 ஏப்ரல் 3. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 18. ஆகவே பிரெஞ்சுக் கணக்கில் அது இன்னும் 1366. இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் மாறியது, அங்கே அது 1367. காஸ்டீல் அப்போது ஸ்பானிய ஊழி என்ற தனி ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்தியது. அது 38 கூடுதல், எனவே 1405. ஒரே சனிக்கிழமைக்கு மூன்று ஆண்டு எண். காஸ்டீல் 1383இல் அந்த ஊழியை விட்டது, போர்ச்சுகல் 1422 வரை வைத்திருந்தது. அதனால் அல்ஜுபரோட்டா போர்ச்சுகல் ஆவணங்களில் 1423 என்று வரும்.

செய்ய வேண்டியது: தேதி ஜனவரி 1க்கும் ஈஸ்டருக்கும் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், எழுதியவர் எந்த நாட்டுக் கணக்கில் எழுதினார் என்று கேட்டு, பிரெஞ்சுக் கணக்கென்றால் ஒன்று கூட்டுங்கள். பிறகு கிழமையைச் சோதியுங்கள். இதுதான் கடைசிப் பூட்டு. 1367 ஏப்ரல் 3 சனிக்கிழமை, 1366இல் அதே நாள் வெள்ளி. குரோனிக்கிள் சனி என்றால் விடை உறுதி. ஜூலியன் நாட்காட்டியில் கணக்கிடும்படி உங்கள் கருவியை மாற்றிவைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் கிழமை தப்பும்.

ஈஸ்டர் நகரும் நாள் என்பதால் வேறொரு தொல்லையும் உண்டு. 1366இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, 1367இல் ஏப்ரல் 18. அந்தப் பிரெஞ்சு ஆண்டில் ஏப்ரல் 5 முதல் 17 வரை ஒவ்வொரு தேதியும் இரண்டு முறை வந்தது. கவனமான எழுத்தர்கள் “ஈஸ்டருக்கு முன்”, “ஈஸ்டருக்குப் பின்” என்று சேர்த்து எழுதினார்கள். சேர்க்காத இடத்தில் கிழமையோ முன்பின் நிகழ்ச்சியோதான் துணை. மாறாக, கிரெசி (ஆகஸ்ட் 26), புவாத்தியே (செப்டம்பர் 19) மாதிரி ஈஸ்டருக்குப் பிந்திய நாட்களில் பிரெஞ்சு, ஆங்கிலக் கணக்குகளுக்குள் ஆண்டு மாறாது. எட்வர்ட் ஃபிளாண்டர்ஸில் உள்ள கெண்ட் (Ghent) நகரில் பிரெஞ்சு மன்னர் பட்டத்தைச் சூட்டிக்கொண்டது 1340 ஜனவரி 26. அதைத்தான் பலர் 1339 என்று தவறாக நகல் எடுக்கிறார்கள்.

தாள்கட்டு:

இதுவரை சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் ஃப்ருவாசாரை நல்ல விசாரணையாளர் என்று புகழ்ந்துவிட்டு லிமோழை விட்டுவிடுவது சரியல்ல. 1370 செப்டம்பரில் மூன்றாம் எட்வர்டின் மகனான கறுப்பு இளவரசர் லிமோழ் நகரை மீட்டபோது ஆண், பெண், குழந்தை 3,000 பேருக்கு மேல் வெட்டப்பட்டார்கள் என்று அவர் எழுதினார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் அதுவே உண்மையாக நின்றது. அந்நகரின் புனித மர்சியால் மடத்துக் குறிப்பு 300 என்கிறது. நகர் விழுந்து சில நாளில் இளவரசர் கஸ்தோன் ஃபெபுஸுக்கு எழுதிய கடிதம் அண்மையில் கிடைத்தது. அதில் பிடிபட்ட நைட்டுகள், கவச வீரர்கள் 200 பேர் என்ற கணக்கு இருக்கிறது, ஊர்மக்கள் படுகொலை பற்றி ஒரு பேச்சும் இல்லை. வென்றவன் கடிதம் தன் குற்றத்தைச் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் மடத்துக்காரர்களுக்கு மறைக்கக் காரணம் இல்லை. அவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள்.

1358 விவசாயிகள் கிளர்ச்சியிலும் அதே எச்சரிக்கை. ஃப்ருவாசார் லெ பெலைப் பின்பற்றுகிறார். இருவருமே பிரபுக்களின் கண்ணால்தான் பார்க்கிறார்கள். எதிர்த்தட்டில் வைக்க இரண்டு சரக்கு உண்டு. ஒன்று, கார்மல் சபைத் துறவி ழான் த வெனெத் எழுதியது, கிராமத்தானின் துயரம் அதில் தெரியும். மற்றொன்று, பிரெஞ்சு தேசிய ஆவணக்காப்பகத்தின் ஜேஜே வரிசையில் உள்ள மன்னிப்புக் கடிதங்கள். இந்தக் கிளர்ச்சிக்கு 86ஆம் தொகுதி முக்கியம். ஊர், ஆள், தொழில், என்ன செய்தான் என்று பெயரோடு இருக்கும். மன்னிப்புக் கேட்பவன் “என்னைக் கட்டாயப்படுத்தினார்கள்” என்றுதான் சொல்வான், அந்தப் பல்லவியைக் கழித்துவிட்டுப் படியுங்கள். குரோனிக்கிள் எழுதியவர்களின் பார்வைக்கே வராத மனிதர்கள் அங்கே பேசுகிறார்கள்.

கலே சரணடைந்தபோது ஊரைக் காக்கத் தங்கள் உயிரைக் கொடுக்க முன்வந்த ஆறு குடிமக்கள் கதையும் லெ பெலிடமிருந்து வந்ததுதான். ஆறில் நால்வர் பெயரைப் பொது வடிவம் சொல்கிறது. மீதி இருவர் பெயர் ரோம் வடிவத்தில்தான் வருகிறது. கழுத்தில் கயிற்றோடு வந்த எஸ்தாஷ் த சேன்-பியேருக்கு அதே 1347இல் எட்வர்ட் ஆண்டுக்கு 40 மார்க் மானியம் கொடுத்த ஆவணம் இருக்கிறது. கதையைச் சொல்லுங்கள், ஆவணத்தையும் கீழேயே வையுங்கள்.

மலையடிவாரம்:

தாள்கட்டு சொல்வது நியாயம். அதனால்தான் பாகம் பாகமாகப் பிரித்தேன். லிமோழ் முதல் பாகம். நடந்தபோது ஃப்ருவாசார் வடக்கே இருந்தார். யார் சொன்னது என்ற கேள்விக்கு அந்தப் பத்தியில் விடை இல்லை.

நெடுவழி:

இப்போதுதான் வழி தெரிகிறது. எல்லாருக்கும் நன்றி. தொடரின் கடைசிப் பகுதி அஜன்கூர் வரை போகும். அங்கே குரோனிக்கிள் எழுதிய மோன்ஸ்த்ரெலே, வாவ்ரேன், லெ ஃபேவ்ர் மூவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அப்படியானால் உறுதி என்று கொள்ளலாமா? கட்டுரைக்குப் படங்களும் வேண்டும். புரூஜ் பிரதியின் கிரெசி ஓவியத்தைப் போடலாமா?

சுவடிப்பெட்டி:

மூன்று பேர் ஒத்துப்போனால் மூன்று சாட்சி என்று ஆகாது. அஜன்கூரில் (1415 அக்டோபர் 25) ழான் த வாவ்ரேன் பிரெஞ்சுப் பக்கமும் ழான் லெ ஃபேவ்ர் ஆங்கிலேயர் பக்கமும் நேரில் இருந்தார்கள். ஃப்ருவாசார் விட்ட 1400இலிருந்து தொடங்கி எழுதிய மோன்ஸ்த்ரெலே களத்தில் இல்லை. இவர்களுடைய பாடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தவை, பல இடங்களில் சொல்லுக்குச் சொல் ஒன்று. சொல் மாறாமல் ஒத்துப்போகும் பத்தியை ஒரே சாட்சியாக எண்ணுங்கள். வாவ்ரேனோ லெ ஃபேவ்ரோ தனியாகச் சேர்த்த விவரம்தான் நேரில் கண்டதாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தேடுங்கள். மோன்ஸ்த்ரெலே பற்றி ஒன்று: 1430இல் கொம்பியேனில் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) பிடிபட்டபோது பர்கண்டிக் கோமகன் அவளைப் பார்க்கப் போனார். அந்த இடத்தில் தானும் இருந்ததாகச் சொல்லிவிட்டு, பேசிய சொற்கள் சரியாக நினைவில்லை என்று கடந்துபோகிறார். அவர் சேவித்தது அவளைப் பிடித்த லுக்சம்பர்க் குடும்பத்தை. இதை உங்கள் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

புரூஜில் லூயி த குருத்ஹூஸ செய்வித்த நான்கு தொகுதிப் பிரதி பிரான்ஸ் தேசிய நூலகத்தில் 2643 முதல் 2646 வரையான எண்களில் இருக்கிறது, 112 ஓவியங்கள். அழகானவை, போடுங்கள். ஆனால் 1470களில் வரைந்தவை. ஓவியன் தன் காலத்துத் தகட்டுக் கவசத்தையும் கோட்டையையும்தான் வரைந்தான். 1346இல் பெரும்பாலோர் அணிந்தது சங்கிலிக் கவசம், மேலே சில இடங்களில் தகடு. படத்தின் கீழே “கிரெசிப் போர், புரூஜ், ஏறத்தாழ 1470–75” என்று காலத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். ஆயுதம் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். அங்கே 1340களின் கல்லறைச் சிற்பங்களின் படங்கள்தான் பொருந்தும்.